பூனைக்குச் சீனி வருத்தம்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

புதிதாகச் சீனி வருத்தம் (நீரிழிவு) கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளை வைத்திருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஊசி மருந்தின் அளவை உங்கள் பூனையை நேரில் பரிசோதித்த மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அவர் சொன்னதை வீட்டில் சரிவர நிறைவேற்றுவதற்கு என் விளக்கம் உதவும். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளின் அடியிலும் பூனை இனிப் பிழைக்காதோ என்ற அச்சம் தெரிகிறது. சீனியை ஒரே வாரத்தில் இறக்கிவிட அவசரப்படாமல், ஊசியையும் உணவையும் நேரம் தவறாமல் கொடுத்து வந்தால், இந்த வருத்தத்துடன் பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன.

கேள்வி (ஹட்டன்): எங்கள் கடுவன் பூனைக்கு ஒன்பது வயது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு போட்டாலும் சாப்பிடுகிறது, ஆனாலும் முதுகெலும்பு தெரியுமளவுக்கு மெலிந்துவிட்டது. ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம் என்கிறார்கள். ஒரே பரிசோதனையை நம்பலாமா?

நல்ல கேள்வி. பெட்டிக்குள் அடைத்து, பஸ்ஸில் கொண்டுபோய், அறிமுகமில்லாத மேசையில் பிடித்து வைத்தால், வருத்தமே இல்லாத பூனைக்கும் பயத்தினால் மட்டும் இரத்தத்தில் சீனி வெகுவாக ஏறிவிடும். ஆகவே ஓர் இரத்தப் பரிசோதனையோடு நிற்காமல், சிறுநீரிலும் சீனி இறங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். வசதியுள்ள இடத்தில் ஃபுரக்டோசமைன் என்ற பரிசோதனையும் செய்வார்கள். அது முந்திய ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டுவதால், அன்றைய பயம் அதைப் பெரிதாகப் பாதிக்காது.

எனினும் நீங்கள் சொன்ன அறிகுறிகள் மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால் வைத்தியர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்சுலின் போதாமல் போகும்போது உண்ட உணவின் சத்து தசைக்குள் போய்ச் சேர்வதில்லை. உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கப் பார்க்கிறது. மிஞ்சிய சீனி சிறுநீரோடு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனால்தான் பசியும் தாகமும் மெலிவும் ஒன்றாக வருகின்றன. பூனை நடக்கும்போது பின்னங்கால்களைக் கவனியுங்கள். குதிகால் நிலத்தில் படியும்படி தாழ்ந்து நடந்தால், நரம்புகளும் பாதிக்கப்பட்டுள்ளன என்று அர்த்தம். சீனி கட்டுப்பட்ட பின் அது பல பூனைகளில் மெல்ல மெல்லத் திருந்துகிறது. வயதான பூனை என்பதால் தைரொயிட்டையும் சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (நானுஓயா): நாங்கள் இனிப்பே கொடுத்ததில்லை. பிறகு எப்படி இந்த வருத்தம் வந்தது?

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. வயது, உடற்பருமன், வீட்டோடு அடைந்து கிடக்கும் வாழ்க்கை ஆகியவை முக்கியக் காரணங்கள். விதை நீக்கிய கடுவன்களுக்குக் கூடுதலாக வரும். இவற்றைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவை, முன்பு போடப்பட்ட ஊசிகள். தோல் அரிப்புக்கு அடிக்கடி போடும் ஸ்டீரொயிட் ஊசியும், குட்டி போடாமலிருக்கப் பெண் பூனைக்குப் போடும் ஹோர்மோன் கருத்தடை ஊசியும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. அப்படி ஏதாவது போட்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த மருந்தை நிறுத்துவதே சில பூனைகளில் வருத்தத்தைத் தணிக்கப் போதுமானதாகிறது. பெண் பூனைக்கு அந்த ஊசியைவிடக் கருப்பை நீக்கும் சத்திரசிகிச்சையே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (பண்டாரவளை): அப்பா குடிக்கும் மெற்ஃபோர்மின் குளிசை வீட்டில் இருக்கிறது. பாகற்காய்ச் சாறும் கொடுக்கலாம் என்கிறார்கள். ஊசி இல்லாமல் சமாளிக்க முடியாதா?

இரண்டையும் கொடுக்காதீர்கள். மெற்ஃபோர்மின் பூனைகளுக்குப் போதிய பயன் தருவதில்லை. கசப்புச் சாற்றை வலிந்து ஊற்றினால் பூனை சாப்பிடுவதையே நிறுத்திவிடும், இந்த நிலையில் பட்டினி மிகவும் ஆபத்தானது. சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் புதிய வகை வாய்வழி மருந்தொன்றுக்கு அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஆனால் அது இதுவரை இன்சுலின் போடப்படாத, வேறு நோயில்லாத பூனைகளுக்கு மட்டும் உரியது, அதற்கும் வைத்தியரின் நெருங்கிய கண்காணிப்பு வேண்டும். பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலினே நம்பகமான வழி.

கேள்வி (தலவாக்கலை): நான் காலையில் கொழுந்து பறிக்கப் போய்ப் பின்னேரம்தான் வருவேன். ஒரு நாளைக்கு இரண்டு ஊசி என்கிறார்கள். எனக்குக் கையும் நடுங்குகிறது. என்னால் முடியுமா?

முடியும். உங்கள் வேலை நேரம் இதற்குத் தடையல்ல. மலைக்குப் போகுமுன் ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு மணி நேர இடைவெளி தானாகவே அமைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் எழுந்திருங்கள்.

முதலில் சாப்பாட்டை வையுங்கள். பூனை தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கியதும், விலாப் பக்கத்திலோ வயிற்றின் பக்கவாட்டிலோ தோலை இரு விரல்களால் மெதுவாக உயர்த்துங்கள். கூடாரம் போல எழும் அந்தத் தோலின் அடிவாரத்தில், உடலுக்கு இணையாக ஊசியை நுழைத்து மருந்தைச் செலுத்தி எடுத்துவிடுங்கள். இன்சுலின் ஊசி மிகவும் மெல்லியது. பல பூனைகள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. பிடரித் தோலில் போடுவதைவிட விலாவில் போடுவதே மருந்து நன்றாக உறிஞ்சப்பட உதவும், தினமும் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். கை நடுக்கம் போகும்வரை, மருந்தில்லாத ஊசியில் கொதித்தாறிய நீரை எடுத்து ஒரு தோடம்பழத்தில் குத்திப் பழகலாம்.

ஊசி போட்டபின் உரோமம் நனைந்திருந்தால், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாததால் இன்னொரு முறை போடக் கூடாது. அடுத்த நேரம் வரும்வரை காத்திருங்கள். ஒரு வேளை தவறிப் போனாலும் அப்படியே. அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போட்டுவிடாதீர்கள். ஒரு வேளை சீனி ஏறியிருப்பதால் பூனை சாவதில்லை, ஆனால் இரட்டை அளவு இன்சுலினால் சாகலாம். பூனை சாப்பிட மறுத்தால் வழமையான முழு அளவையும் போடாமல் உடனே வைத்தியரைக் கேளுங்கள்.

கேள்வி (பதுளை): மருந்தகத்தில் மனிதருக்கான சிரிஞ்சுதான் கிடைத்தது. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, இந்த இடத்தில்தான் உயிரே போகும் தவறு நடக்கிறது. மனிதருக்கான கிளார்ஜின் போன்ற இன்சுலின் யு-100 வகை, அதாவது ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு. பிராணிகளுக்கான கனின்சுலின் போன்றவை யு-40, ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு. சிரிஞ்சின் கோடுகளும் அதற்கேற்பவே அச்சிடப்பட்டுள்ளன. யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் பூனைக்குப் போவது ஒன்றல்ல, இரண்டரை அலகு. மாறாக, யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் அரை அலகுகூடப் போகாது. பூனைக்கு ஆரம்ப அளவே பொதுவாக வேளைக்கு ஒரு அலகு அளவில்தான் இருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. மருந்துப் போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு புதிய பெட்டியிலும் பாருங்கள். அரை அலகுக் கோடுகள் உள்ள சிறிய சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): எங்கள் வீட்டில் பூனைக்குச் சோறும் நெத்தலிக் கருவாடும்தான். பால்மா கரைத்த பாலும், ரொட்டித் துண்டும் கிடைக்கும். விலை கூடிய உணவு வாங்க வசதியில்லை. என்ன செய்வது?

பூனை இறைச்சி உண்ணவே படைக்கப்பட்ட பிராணி. மாப்பொருளைச் சமாளிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. சீனி வருத்தமுள்ள பூனையின் சக்தியில் ஏறக்குறைய 12 வீதத்துக்கு மேல் மாப்பொருளிலிருந்து வரக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டல். சோறும் ரொட்டியும் அதை வெகுவாகத் தாண்டிவிடும். உலர் பிஸ்கட் வகைப் பூனை உணவுகளும் பெரும்பாலும் மாப்பொருள் மிகுந்தவையே. ஈரமான டின் உணவு, அதிலும் குழம்பு இல்லாத வகை, சிறந்தது.

வசதி இல்லாத வீட்டில், உப்பும் மசாலாவும் வெங்காயமும் உள்ளியும் சேராமல் அவித்த கோழி இறைச்சி, கோழி இதயம், சிறிதளவு ஈரல், அவித்த முட்டை ஆகியவற்றை வைத்துத் தொடங்கலாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும் என்பதால் கறியைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். இறைச்சியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கல்சியமும் தோரின் என்ற சத்தும் குறைந்துவிடும்; அவற்றை எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பச்சை மீனை மட்டும் கொடுப்பதால் விற்றமின் பி1 குறையலாம். கருவாட்டில் உப்பு அதிகம், டின் மீனிலும் அப்படியே. தினச் சம்பளத்தில் வாழும் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதை அறிவேன். சோற்றையும் பாலையும் ரொட்டியையும் நிறுத்துவதற்குக் காசு தேவையில்லை, அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை உண்டு. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனையின் சோற்றைத் திடீரென நிறுத்தினால், அதே அளவு ஊசி மிகையாகிச் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். உணவை மாற்றப்போவதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்ட பிறகே மாற்றுங்கள்.

கேள்வி (நுவரெலியா): எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. இங்குள்ள குளிருக்கு இன்சுலினை யன்னல் ஓரத்தில் வைத்தால் போதாதா?

போதாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிவதும், நண்பகலில் அதே யன்னலில் வெயில் காய்வதும் உண்டு. ஒருமுறை உறைந்த மருந்து உருகிய பின்னும் பயன்படாது. அயல் வீட்டிலோ கடையிலோ உள்ள பிரிட்ஜின் நடுத் தட்டில் வைக்கக் கேளுங்கள். மின்வெட்டின்போது கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் தாங்கும். தெளிந்திருக்க வேண்டிய கிளார்ஜின் கலங்கித் தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

கேள்வி (லிந்துலை): ஊசி போடத் தொடங்கி ஒரு கிழமை. நேற்று இரவு பூனை தள்ளாடியது, கண் நிலைகுத்தி நின்றது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இது என்ன?

சீனி மிகவும் இறங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் சொல்லும்வரை அடுத்த ஊசியைப் போடாதீர்கள். திடீர்ப் பசி, சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை இதன் படிகள். பூனை விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு வையுங்கள். இல்லாவிட்டால் கித்துள் பாணி, தேன், குளுக்கோஸ் கரைசல், இவற்றில் எது கைக்கு எட்டுகிறதோ அதை விரலில் தொட்டு ஈறுகளில் தடவுங்கள். வலிப்பு வந்த பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், பற்களுக்கிடையே விரலையும் விடாதீர்கள். தெளிந்துவிட்டது என்று உறங்கப் போகவும் வேண்டாம். தடவிய இனிப்பு விரைவில் தீர்ந்துவிடும், இன்சுலினோ மணிக்கணக்கில் வேலை செய்யும். ஒரு சிறு போத்தல் பாணியை மருந்துடன் சேர்த்தே வைத்திருங்கள், வீட்டிலுள்ள எல்லாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.

கேள்வி (கண்டி): வீட்டில் சீனி அளக்கும் கருவி இருக்கிறது. பூனைக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் மனிதருக்கான கருவிகள் பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் இயல்புடையவை. பூனைக்கென்று அளவு திருத்தப்பட்ட கருவி கிடைத்தால் நல்லது. காது மடலைக் கையால் சூடாக்கி, விளிம்பிலுள்ள இரத்த நாளத்தருகே குத்தினால் ஒரு துளி போதும். mg/dL கணக்கில் 60க்குக் கீழே காட்டினால் அவசரமாக நடவடிக்கை எடுங்கள். நாளின் பெரும்பகுதி 80 முதல் 300 வரை நின்று, தாகம் குறைந்து எடையும் ஏறினால் ஆரம்ப மாதங்களுக்கு அது நல்ல நிலையே. ஒரு நாள் எண் கூடிவிட்டதற்காக நீங்களாக அளவை ஏற்றாதீர்கள். ஒரு மாற்றத்தின் விளைவு தெரியக் குறைந்தது ஐந்து முதல் ஏழு நாட்கள் வேண்டும்.

கருவி இல்லாதவர்கள் குடிக்கும் நீரை அளந்து எழுதி வைக்கலாம். நான்கு கிலோ எடையுள்ள பூனை நாளுக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் கட்டுப்பாடு போதவில்லை என்று பொருள். பீலியிலும் வாளியிலும் குடிக்கும் பூனையை ஒரு நாள் அறைக்குள் வைத்துத்தான் அளக்க வேண்டும். அருகில் வசதியில்லாதபோது, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போகலாம். குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (இராகலை): இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, வாயில் ஒரு விதமான பழ வாடை.

இதை வாசித்துக்கொண்டிருக்காமல் இப்போதே வைத்தியரிடம் கொண்டு போங்கள். இரத்தத்தில் கீற்றோன் அமிலம் தேங்கியதன் அடையாளம் இது. சேலைனும் மருந்தும் நரம்பு வழியாக ஏற்றாமல் வீட்டில் தீர்க்க முடியாது.

கேள்வி (வெலிமடை): ஆயுள் முழுவதும் ஊசியா?

அவசியமில்லை. பூனைகளில் பல, ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. வீட்டில் சீனியை அளந்து, கிளார்ஜின் இன்சுலினும் மாப்பொருள் குறைந்த உணவும் கொடுத்துக் கவனித்த பூனைகளைப் பற்றி 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வருத்தம் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறையில் சேர்ந்தவற்றில் 84 வீதமானவை அந்த நிலையை அடைந்தன. தாமதித்துச் சேர்ந்தவற்றில் 35 வீதமே அடைந்தன. இவ்வளவு நெருக்கமான கவனிப்பு எல்லா வீட்டிலும் இயலாது என்பதால் அந்த எண்ணை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் முதல் மாதங்களில் செலவிடும் கவனத்துக்கு ஈடாக எதுவுமில்லை. பருத்த பூனையின் எடையை மெதுவாகக் குறையுங்கள், பல் நோயும் சிறுநீர்த் தொற்றும் இருந்தால் தீருங்கள். அவை இரண்டும் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஊசி நின்ற பிறகும் பழைய சோற்றுக்குத் திரும்பினால் வருத்தமும் திரும்பிவிடும்.

கேள்வி (டிக்கோயா): பயன்படுத்திய ஊசிகளை எங்கே போடுவது?

லயத்துக் குப்பையிலோ தேயிலைச் செடிகளுக்கிடையிலோ போட்டால் பிள்ளைகளின் காலிலும் கொழுந்து பறிப்பவர்களின் கையிலும் குத்தும். ஊசி துளைக்க முடியாத, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலொன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி, உங்கள் மிருக வைத்தியரிடமோ தோட்ட வைத்திய நிலையத்திலோ அழிக்கக் கொடுங்கள். வாங்குவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.