வாசகர் கேள்வி: உறைபெட்டியும் ஜெனரேட்டரும்

கேள்வி: ஆய்வகங்கள் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு சுமை தருகின்றன என்று மதிப்பிட ஐரோப்பாவில் உருவான முறைகளை ஆப்பிரிக்க மருத்துவ ஆய்வு நிலையங்களும் பின்பற்ற வேண்டும் என்கிறார்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்களில் அவை பொருந்துமா?
– நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி, கோவை

பதில்: அப்படியே எடுத்துக்கொண்டால் பொருந்தாது; அதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் உருவாக்கி 2018-இல் சோதனை முறையில் தொடங்கிய ‘லீஃப்’. கழிவைப் பிரிப்பது, கருவிகளைத் தேவையில்லாதபோது அணைப்பது, உறைபெட்டிகளைப் பராமரிப்பது போன்றவற்றைச் செய்துகாட்டும் ஆய்வகத்துக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி வழங்குகிறது.

உறைபெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரத்த மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் பழைய பெட்டி ஒன்று நாளொன்றுக்கு 20 யூனிட் வரை மின்சாரம் இழுக்கும். மைனஸ் 70-க்கு மாற்றினால் அதில் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சமாகும் என்பதால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆய்வகங்கள் மாற்றிவிட்டன. மலாவியின் பிளாண்டயர் நகரில் இதே யோசனையைச் சொன்னால், மின்சாரம் போனபின் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மைனஸ் 70-இல் இருக்கும் பெட்டி அபாய அளவை முன்னதாகவே எட்டிவிடும். இது வீண் பயமன்று. 2022 ஜனவரியில் அனா புயலின் வெள்ளம் ஷைர் ஆற்றிலுள்ள கபிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சேதப்படுத்தியபோது, சுமார் 130 மெகாவாட் மின்சாரம் அந்தச் சிறிய நாட்டுக்கு இல்லாமல் போயிற்று. மறுபுறம், குறைவாக மின்சாரம் இழுக்கும் பெட்டியால் ஜெனரேட்டருக்கும் சுமை குறையும். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் மின்சாரமின்றி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அந்தந்த ஊரின் வெயிலில் அளந்துவிட்டு முடிவெடுப்பதே சரி. (பழைய பெட்டிகளை நன்கொடையாக அனுப்பும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை, அனுப்பியவருக்கு நற்பெயர், வாங்கியவருக்கு மின்கட்டணம்.)

அடுத்தது கரியமில வாயுக் கணக்கு. கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் புவிவெப்பம், நீர், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்தே வருகிறது. தென்னாப்பிரிக்காவிலோ 80 சதவீதத்துக்கும் மேல் நிலக்கரி. ஆகவே கென்யாவின் கடலோர ஊரான கிலிஃபியில் மிச்சமாகும் ஒரு யூனிட்டும் கேப் டவுனில் மிச்சமாகும் ஒரு யூனிட்டும் சமமல்ல. ஆனால் கிலிஃபியிலேயே மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் கணக்குத் தலைகீழாகிவிடும்: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிவரும், கிடைப்பதோ ஏறக்குறைய மூன்று யூனிட். எனவே ஜெனரேட்டர் ஓடிய நேரத்தையும் குடித்த டீசலையும் மதிப்பீட்டில் தனியாகச் சேர்க்காமல் கணக்கை நம்ப முடியாது.

கழிவைப் பற்றிச் சுருக்கமாக: தரம் பிரித்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்ள ஆளில்லாத ஊரில், பிரித்த பைகளும் கடைசியில் ஒரே எரியுலைக்குத்தான் போகும். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்றால், அதற்குத் தண்ணீரும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு மின்சாரமும் வேண்டும். அங்கே தேவைக்குமேல் வாங்காதிருப்பதற்கும், காலாவதியாகும் முன்பே ரசாயனங்களைப் பக்கத்து ஆய்வகத்தோடு பகிர்ந்துகொள்வதற்கும் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். நிதி தருபவர்கள் இத்தகைய மதிப்பீட்டைக் கேட்கும்போது, சூரியத் தகடுகளுக்கும் மின்கலங்களுக்கும் ஆகும் செலவையும் அதே மானியத்தில் ஏற்க வேண்டும்.