முஸ்லிமா, மனுஷியா என்று கேட்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. களியக்காவிளைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். திருவனந்தபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறேன். ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். கணவர் பல வருஷம் சவுதியில் இருந்தார். வேலை போனதால் ஊருக்கே வந்துவிட்டார்.

எங்கள் வாப்பா ஐந்து வேளையும் தொழுகிறவர். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தார். ஆனால் யாரையும் மட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை. உம்மும்மா, எங்கள் பாட்டி, எங்களைத் தக்கலை பீரப்பா தர்காவுக்குக் கூட்டிப்போவாள். ரஜபு மாதத்தில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி பாடுகிற இரவில் மற்ற மதத்துக்காரர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் இஸ்லாம் என்று நினைத்து வளர்ந்தேன். இப்போது என் கணவர் அதையெல்லாம் ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணைவைப்பது என்கிறார். உம்மும்மாவுக்கு அறிவு இல்லை, தெரியாமல் செய்தாள் என்கிறார்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார்கள், இந்து. மகன் பிறந்தபோது நடு ராத்திரியில் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். கணவர் அப்போது சவுதியில். ஓணத்துக்கு அங்கேயிருந்து பிரதமன் வரும், பெருநாளைக்கு இங்கேயிருந்து பத்திரியும் கறியும் போகும். போன ஓணத்துக்கு வந்த பிரதமனை என் கணவர் குழந்தைகள் கண்ணெதிரே கீழே கொட்டச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் என் மகள் கேட்டாள்: "உம்மா, பெரியம்மா நரகத்துக்குத்தான் போவாங்களா?" அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

எல்லாம் வெடித்தது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில். கோவை ஃபாரூக் பற்றிப் பேச்சு வந்தது. கடவுள் இல்லை என்று சொன்னதற்காக 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டவர். சித்தப்பா மகன், "அல்லாஹ்வைக் கேலி செய்தால் முடிவு இப்படித்தான்" என்று போட்டான். யாரும் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. "அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். கொலைக்கு நியாயம் கிடையாது" என்று நான் எழுதினேன். அவ்வளவுதான். முர்தத், மதத்தை விட்டுப் போனவள் என்றார்கள். ஜமாஅத்தில் சொல்லி ஊரை விட்டு விலக்க வேண்டும் என்றான் ஒருவன். என் அண்ணன், காக்காவே போன் செய்து, "வாப்பா மானத்த வாங்கிட்டியே" என்றான். கணவர் நாலு நாள் பேசவில்லை. பேசியபோது சொன்னது இது: "நாடு முழுக்க நம்மள அடிக்கிறான். நீ நம்மளையே குத்தம் சொல்ற. உனக்கு முஸ்லிமா இருக்கணுமா, மனுஷியா இருக்கணுமா, முடிவு பண்ணிக்கோ."

வெளியே போனாலும் நிம்மதி இல்லை. 2020 ஜனவரியில் எங்கள் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்களே, மறுநாள் பஸ்ஸில் என் முக்காட்டைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்தால் நம்ம பையன்களைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற கவலைதான் எல்லோருக்கும். வில்சன் வீட்டில் என்ன பாடுபடுவார்கள் என்று ஒருவரும் பேசவில்லை. கடையில் கூட வேலை பார்க்கிற பெண், "நீ மத்தவங்க மாதிரி இல்ல, நல்லவ" என்கிறாள். அதுவும் எனக்கு அடி வாங்கியது போலத்தான் இருக்கிறது. அவள் சொல்கிற 'மத்தவங்க' யார்? என் வாப்பாவா? என் உம்மாவா?

இப்போது தூக்கம் இல்லை. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. தொழுகையில் நின்றால் அழுகை வருகிறது. சில நாள் தொழவே பிடிக்கவில்லை. நம்பிக்கை இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை. நான் என்ன செய்ய?

பெயர் சொல்ல விரும்பாத சகோதரி


அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொலையைக் கொலை என்று நீங்கள் எழுதியது சரி. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிற குழுவில் ஒருவராவது அதைச் சொன்னீர்களே என்று எனக்கு நிறைவாக இருக்கிறது.

உடம்பைப் பற்றிப் பேசுவோம். தூக்கமின்மை, படபடப்பு, போன் சத்தத்துக்கு அதிர்வது, இவையெல்லாம் ஈமான், அதாவது இறைநம்பிக்கை, குறைந்ததன் அடையாளம் இல்லை. தண்டனையும் இல்லை. சொந்தக்காரர்களே சேர்ந்து ஒருவரைத் தள்ளிவைப்போம் என்று மிரட்டினால் உடம்பு அதை உயிருக்கு வந்த ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தக் குழுவை இன்றைக்கே மியூட் செய்துவிடுங்கள். வெளியேற வேண்டாம், அது இன்னொரு சண்டையாகும். மிரட்டி எழுதியதை மட்டும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகாவிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். நீங்கள் மருந்துக்கடையிலேயே இருப்பதால் இதையும் சொல்கிறேன்: தூக்க மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, உங்கள் பயம். அதைக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஃபாரூக்குக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2010 ஜூலையில் கேரளத்து மூவாற்றுப்புழையில் பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பின் கையை, நபியை இழிவுபடுத்தியதாகச் சொல்லி ஒரு கேள்வித்தாளுக்காக வெட்டினார்கள். உங்கள் பக்கத்திலேயே தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை ஒரு கட்டுரைக்காக 2007இல் ஊர்விலக்கம் செய்தார்கள். இதெல்லாம் நடந்த மண்ணில் இருந்துகொண்டு, பயப்படாதீர்கள் என்று எழுதினால் அது பொய். ஆனால் இதன் இன்னொரு பக்கமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜோசப் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள். ரசூலுக்காகக் குரல் கொடுத்தவர்களிலும் முஸ்லிம்கள் உண்டு. உங்கள் குழுவில் மௌனமாக இருந்த எல்லோரும் சித்தப்பா மகனோடு ஒத்துப்போகிறவர்கள் என்று எண்ணாதீர்கள். பாதிப் பேர் உங்களைப் போலவே பயந்தவர்கள். தனியாக, சத்தமில்லாமல் உங்களிடம் பேச வருகிற மைனியோ மாமியோ யாராவது இருப்பார்கள். அந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிமா மனுஷியா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் தேடாதீர்கள். இது உங்கள் கேள்வியே இல்லை. உங்கள் கணவர் ஒரு பக்கத்திலிருந்து கேட்கிறார், கடையில் இருக்கும் அந்தப் பெண் மறுபக்கத்திலிருந்து அதையே கேட்கிறாள். அவர், எங்களோடு இருக்க வேண்டுமென்றால் வாயை மூடு என்கிறார். அவள், எங்களோடு சேர வேண்டுமென்றால் உன் ஆட்களை விட்டுவிடு என்கிறாள். இரண்டு பேருக்குமே நீங்கள் பாதியாக இருந்தால்தான் வசதி. உங்கள் வாப்பா தொழுதுகொண்டே யாரையும் மட்டமாகப் பேசாமல் வாழ்ந்தாரே, அவர் எதை விட்டுக்கொடுத்தார்? ஒன்றையும் விடவில்லை. நீங்கள் தேடுகிற மனிதநேயத்தை உங்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள்.

நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை. ஆனாலும் உங்கள் மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். ஒரு கூட்டத்தார் மேல் உள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனம் சொல்கிறது. லுக்மான் அத்தியாயத்தில், பெற்றோர் இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால்கூட அதற்குக் கீழ்ப்படியாதே, ஆனால் இந்த உலகில் அவர்களோடு நல்லபடியாக நடந்துகொள் என்றிருக்கிறது. ஒரு யூதரின் ஜனாஸா, அதாவது சடலம், போனபோது நபி எழுந்து நின்றார், யூதருடையதாயிற்றே என்றபோது அதுவும் ஓர் உயிர் அல்லவா என்று கேட்டார் என்பது புகாரியில் உள்ள செய்தி. இவற்றை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஒரு வசனம் காட்டினால் அவர் வேறொன்றைக் காட்டுவார், விடிய விடிய நடக்கும். பக்கத்து வீட்டு அக்காவை நேசிக்க உங்களுக்கு எந்த வசனத்தின் அனுமதியும் தேவையில்லை. அனுமதி வாங்கித்தான் நேசிப்போம் என்றால், நாளைக்கு யாராவது ஒருவர் வந்து அதை ரத்து செய்துவிடலாம்.

மகளின் கேள்விக்கு உடனே பதில் வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை நரகம் என்றால் நிஜ நெருப்பைத்தான் நினைக்கும். தனக்குப் பிரியமான பெரியம்மா அதில் எரிவதை அது ராத்திரியில் படுத்துக்கொண்டு கற்பனை செய்யும். பெரியவர்களுக்குள் நடக்கும் எல்லா விவாதத்தையும் விட எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது. அவளை மடியில் வைத்துச் சொல்லுங்கள்: "யார் எங்கே போவாங்கன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ற வேலை நமக்கு இல்ல, உஸ்தாதுக்கும் இல்ல, வாப்பாவுக்கும் இல்ல. பெரியம்மா நம்மள எவ்வளவு பிரியமா பாத்துக்கிட்டாங்கன்னு உனக்குத் தெரியும்ல?" தம்பி பிறந்த ராத்திரி நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

கணவர் விஷயம் கடினமானது. அவரைக் கெட்டவர் என்று நான் எழுதப்போவதில்லை. சம்பாதிக்கிறவராக மதிப்போடு இருந்தவர், வேலை போய் வந்திருக்கிறார். வீட்டுச் செலவில் பெரும்பகுதி இப்போது உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது என்று ஊகிக்கிறேன். இந்த நிலைமையில் ஒரு ஆணுக்கு, நீதான் சரி, மற்றவர்கள் வழி தவறியவர்கள் என்று யாராவது சொன்னால் அது பெரிய பிடிமானமாகிவிடும். 2015இல் உத்தரப் பிரதேசத்து தாத்ரியில், மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சொல்லி அக்லாக் என்பவரை வீட்டிலிருந்து இழுத்து அடித்துக் கொன்றதிலிருந்து அவர் பார்க்கும் செய்திகளும் பொய்யில்லை. அந்த வலி நிஜம். அதை நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள். அக்லாக்குக்காக அழுகிற அதே மனதுதான் ஃபாரூக்குக்காகவும் அழுகிறது என்று சொல்லுங்கள். அவருடைய உம்மா முன்னாலும் குழந்தைகள் முன்னாலும் இதைப் பேச வேண்டாம். அவர் தனியாக, வயிறு நிறைந்து, அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைகள் காதில் விழும்படி யாரைப் பற்றியும் வெறுப்பாகப் பேசக்கூடாது. பக்கத்து வீட்டோடு போக்குவரத்து நிற்கக்கூடாது. அவருக்குப் பிரதமன் வேண்டாமென்றால் அவர் சாப்பிட வேண்டாம், அது அவர் உரிமை. கொட்டச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அவர் கை ஓங்கினாலோ, குழந்தைகளைப் பிரித்துவிடுவேன் என்று மிரட்டினாலோ 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

ஜமாஅத் மிரட்டலைப் பற்றி. கல்யாணப் பதிவேடும் மையவாடி என்கிற அடக்க இடமும் அவர்கள் கையில் இருப்பதால்தான் ஊர்விலக்கம் என்ற வார்த்தைக்கு இவ்வளவு பலம். உங்கள் நிக்காஹ் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவு செய்யுங்கள். சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உங்களுக்கும் தந்திருக்கிறது. எந்த ஊர்க் கூட்டமும் கூடி அதை எடுத்துவிட முடியாது. ஆனால் அந்தச் சுதந்திரத்தை நாளைக் காலையே ஊரறிய நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. பாதுகாப்பு முதலில்.

நம்பிக்கை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்டீர்கள். தூக்கமில்லாத, அடிபட்ட மனதை வைத்துக்கொண்டு அதை முடிவு செய்யாதீர்கள். தொழத் தோன்றும் நாளில் தொழுங்கள். தோன்றாத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள். ஒரு வருஷம் கழித்து நீங்கள் இன்னும் ஆழமாக நம்புகிறவராக இருக்கலாம், நம்பாதவராகவும் ஆகலாம். எதுவானாலும் எனக்கு நீங்கள் இதே மரியாதைக்குரிய பெண்தான். மதத்தை விட்டு வெளியே வா என்று அவசரப்படுத்துகிறவர்களிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களில் சிலருக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை, உங்கள் கதை மட்டும்தான் வேண்டும்.

கடையில் இருக்கும் பெண்ணிடம் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொல்லிப் பாருங்கள், "என் வாப்பாவும் உம்மாவும்தான் என்னை இப்படி வளர்த்தாங்க" என்று. அவள் யோசிப்பாள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் உம்மாவைப் பற்றி நீங்கள் கடிதத்தில் அதிகம் எழுதவில்லை. வாப்பாவோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். குழுவில் நடந்தது அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் காக்கா சொல்லித் தெரிவதற்கு முன் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கணவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து வாருங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் வந்தாலும் போதும்.

அன்புடன்,
ஆலோசகர்