பள்ளி உளவியலாளரிடம் பிள்ளையை அனுப்பச் சொன்னால் பயப்பட வேண்டுமா? அவர் அங்கே என்னதான் செய்வார்?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மகன் சிபிஎஸ்இ பள்ளியில் 6ஆம் வகுப்பு படிக்கிறான். வாய்மொழியாகக் கேட்டால் எல்லாம் சொல்கிறான், பரீட்சைத் தாளில் மார்க் இல்லை. கொஞ்ச நாளாகக் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான், டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். வகுப்பாசிரியை பள்ளி உளவியலாளரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் மாமியார், "பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டப் பார்க்கிறார்கள்" என்று கோபப்படுகிறார்.

திருச்சியில் ஒரு பள்ளியில் இதே வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். தயங்காமல் போங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், யாருக்கும் தொந்தரவு தராத ஒரு பையனை அந்த ஆசிரியை கவனித்திருக்கிறார். அது பெரிய விஷயம். சேட்டை செய்கிற பிள்ளைகள் எங்களிடம் சீக்கிரம் வந்துவிடுவார்கள். அமைதியாகப் பின்தங்குகிற பிள்ளைகள்தான் 9ஆம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடுவார்கள்.

எங்கள் வேலை என்றால் ஒரு அறை, இரண்டு நாற்காலி, அழுகிற பிள்ளை, ஆறுதல் சொல்கிற மேடம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அதுவும் உண்டு. ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதி, பிள்ளைக்குப் படிப்பு எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தேடுவதில்தான் போகிறது. படிக்க வராத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பயம் வந்துவிடும். பயந்துபோன பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்காது. இதில் எது முதலில் வந்தது என்று பார்க்காமல் ட்யூஷன் சேர்த்தாலும் பலன் இருக்காது, "தைரியமா இரு கண்ணா" என்று சொன்னாலும் பலன் இருக்காது.

முதல் வேலையாகக் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு வரச் சொல்வேன். பெற்றோர் பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்தத் துறையே இப்படித்தான் தொடங்கியது. 1896இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் லைட்னர் விட்மரிடம், எழுத்துக்கூட்டி எழுத வராத 14 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய ஆசிரியைதான் அழைத்துவந்தார். விட்மர் சோதித்ததில் பையனுக்குப் பார்வைக் கோளாறும் இருந்தது தெரிந்தது. இன்றைக்கும் கரும்பலகை தெரியாமலே "கவனமில்லாத பையன்" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் வருகிறார்கள்.

அப்புறம் வகுப்பறைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 7ஆம் வகுப்பு. ஆங்கிலப் பாட வேளையில் மட்டும் அடிக்கடி பாத்ரூம் போக அனுமதி கேட்கிறாள் என்று புகார். நான் உட்கார்ந்திருந்த அன்று, வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசித்துக்கொண்டு வந்தார்கள். அவள் பாடத்தைக் கவனிக்கவே இல்லை. முன்னால் இருக்கிற தலைகளை எண்ணினாள், புத்தகத்தில் பத்திகளை எண்ணினாள், தன் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போது கையைத் தூக்கினாள். திரும்பி வந்தபோது முறை தாண்டிப் போயிருந்தது.

தனியாக அழைத்து ஒரு தமிழ்ப் பத்தியை வாசிக்கச் சொன்னேன். வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "கோவில்" என்பது "கேவில்" ஆனது, அதே சொல் அடுத்த வரியில் சரியாக வந்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிட்டது. என்ன படித்தாய் என்றால் பதில் இல்லை. அடுத்து அதே தரத்தில் இன்னொரு பத்தியை நான் வாசித்துக் காட்டினேன். முழுக் கதையையும் சொன்னாள், அந்தக் கதையில் வருகிற வியாபாரி ஏன் ராத்திரியில் கிளம்பினான் என்று என்னையே கேட்டாள். இந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். புரிந்துகொள்ளும் திறன் முழுசாக இருக்கிறது, எழுத்திலிருந்து அதை எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கிறது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் அதிகம் என்பதால் இப்படிப்பட்ட பிள்ளைகள் மெதுவாகவாவது வாசித்துச் சமாளித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

சோதனையெல்லாம் முடிவதற்கு முன்பே செய்த முதல் மாற்றம் மிகச் சின்னது. முன்னறிவிப்பு இல்லாமல் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், எந்தப் பத்தி என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள் என்று அந்த ஆசிரியையிடம் கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். வீட்டில் அம்மாவுடன் நாலு தடவை வாசித்துவிட்டு வந்தாள். பாத்ரூம் போவது சில வாரங்களில் குறைந்துவிட்டது. அவளுடைய பயத்துக்கு நான் தனியாக எந்த ஆலோசனையும் கொடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் மகனின் வயிற்றுவலியையும் மார்க்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறேன்.

முறையான சோதனை என்று வந்தால், உங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அறிவுத்திறன் சோதனை ஒன்று, கற்றல் சோதனை ஒன்று. கற்றலுக்கு நம் நாட்டில் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்க மாட்டோம், களைத்த பிள்ளையின் மதிப்பெண்ணை நம்ப முடியாது. சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பள்ளியில் இருப்பவருக்கு அந்தப் பதிவு இல்லையென்றால் அவர் முதற்கட்டமாகப் பார்த்துவிட்டு வெளியே அனுப்புவார், அதில் தவறில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகவே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் வேலை செய்கிறது.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது புத்தி நன்றாக இருந்தும் வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் வருகிற சிக்கல், என்று உறுதியானால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அரசு சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும். அது இருந்தால் சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் 3 மணி நேரத் தாளுக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுதுபவரையும் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்திலும் இந்தச் சலுகைகள் உண்டு. பலரும் 10ஆம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பதறிக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது, அதற்குள் வாசிப்புப் பயிற்சியிலேயே எவ்வளவோ முன்னேறலாம்.

ஒருவேளை உங்கள் மகனுக்கு வாசிப்பில் எந்தச் சிக்கலும் இல்லை என்று தெரியவந்தால்? அப்போது பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பள்ளி வேன், விளையாட்டு வேளை, ஒரு குறிப்பிட்ட ஆசிரியர், வீட்டில் நடக்கிற சண்டை, எதுவாகவும் இருக்கலாம். பள்ளிக்கே வர மறுக்கிற பிள்ளையை முதல் நாளே முழு நேரம் உட்கார வைக்க மாட்டோம். லைப்ரரியில் ஒரு பீரியட், அப்புறம் பிடித்த பாடத்துக்கு மட்டும், அப்புறம் மதியம் வரை என்று கூட்டிக்கொண்டே போவோம். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் நாள் ஆக ஆகத் திரும்பி வருவது கடினமாகிவிடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய வகுப்புகளில் வேலை இன்னும் கனமானது. கையில் தானே கீறிக்கொண்ட காயம் தெரியாமலிருக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை, திடீரென்று தன் பொருள்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிற பிள்ளை. சந்தேகம் வந்தால் "உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தது உண்டா?" என்று நேராகவே கேட்போம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிள்ளை என்னிடம் பேசியதையெல்லாம் நான் பெற்றோரிடமோ பிரின்சிபாலிடமோ ஒப்பிக்க மாட்டேன். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவேன். மருந்து எழுதுவது எங்கள் வேலை இல்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவோம்.

எல்லாப் பள்ளியிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள உளவியலாளரை அனுப்புகிற பள்ளிகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பெற்றோர் கேட்டால்தான் நிர்வாகம் காது கொடுக்கும்.

பள்ளியில் யாரும் இல்லாத பெற்றோர் இதைப் படித்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

நீங்கள் போகும்போது 1ஆம் வகுப்பிலிருந்து பத்திரப்படுத்தியிருக்கிற நோட்டுகளில் நாலைந்தை எடுத்துச் செல்லுங்கள். ரேங்க் கார்டைவிட அவைதான் அதிகம் சொல்லும். வயிற்றுவலி வந்த நாள்களையும் அன்றைய டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மகனிடம், "நீ கஷ்டப்படுறது எங்களுக்குத் தெரியுது, எது கஷ்டமா இருக்குன்னு பார்க்கத்தான் போறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் மனதில் இருப்பதை அவரே அங்கே கேட்கட்டும்.