அடுத்த டிசம்பர்தானேம்மா?

"ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் ஆலயப் பெண்கள் ஐக்கியத்தோடு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவோம். கேக், போர்வை, கேரல், ஜெபம். போன வருடம் கிளம்பும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இனி அடுத்த டிசம்பர்தானேம்மா?' என்றார். அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் நான் வேலைக்குப் போகிறவள். மாமியார் ஒன்றரை வருடமாகப் படுக்கையில். கிறிஸ்துவின் அன்பை வருடம் முழுக்கக் காட்டுவது என்னால் ஆகுமா?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

அன்புச் சகோதரிக்கு,

மாமியார் படுக்கையில் இருப்பதை ஏதோ சாக்குச் சொல்வதுபோல ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். விடியற்காலையில் எழுந்து அவரைத் துடைத்து, விரிப்பு மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற ஒருத்தியைப் பார்த்து 'உன்னால் அன்பு காட்ட முடியுமா' என்று வேறு யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்கிறீர்கள். மத்தேயு சுவிசேஷம் 25-ல் ஆண்டவர் கணக்கில் வைப்பது இந்த மாதிரி வேலைகளைத்தான். செய்தவர்களுக்கே அது நினைவில்லை, 'எப்போது செய்தோம்?' என்று கேட்கிறார்கள்.

ஆனாலும் பாட்டியின் கேள்வியை மறந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். என் பெரியம்மா கடைசி மூன்று வருடம் அப்படியொரு இல்லத்தில்தான் இருந்தார். டிசம்பரில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் வரும். மூன்று கேக், மூன்று தடவை அதே பாட்டு. பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு மீதியைத் தலையணைக்கடியில் வைப்பார்கள், எறும்பு மொய்க்கும். பிப்ரவரியில் போனால் எல்லோரும் வராந்தாவில் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியொரு பிப்ரவரியில்தான் பெரியம்மா என்னிடம் நகவெட்டி கேட்டார். அவரால் குனிய முடியாது. இருந்த இரண்டு ஆயாக்களுக்கும் நேரமில்லை. கால் பெருவிரல் நகம் வளைந்து சதையில் குத்தி, செருப்புகூடப் போட முடியவில்லை. கட்டிலடியில் பிரிக்காத போர்வைகள் நான்கு கிடந்தன. பெரிய வியாழனன்று வருடாவருடம் கேட்கிற, இயேசு சீடர்களின் கால் கழுவும் பகுதி, அந்தக் காலை என் மடியில் வைத்தபோதுதான் எனக்கு எட்டியது.

உங்களுக்கு இந்த வேலை வீட்டிலேயே பழக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஓரத்தைக் குடையாமல் நேராக வெட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்னக் காயமும் எளிதில் ஆறாது, அவர்களை நர்ஸிடம் விட்டுவிடுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம், அந்த ஒரே பாட்டி. இவ்வளவு போதும். அந்த ஒரு மணி நேரம் மாமியாரை உங்கள் கணவர் பார்க்கட்டும், அவருடைய அம்மாதானே. சொன்ன நாளில் போய்விடுங்கள். முடியாவிட்டால் போன் செய்து சொல்லிவிடுங்கள், காலையிலிருந்தே காத்திருப்பார்கள்.

ஐக்கியத்தாரிடமும் பேசுங்கள். இந்த முறை கேக் வாங்குமுன் இல்லத்தில் என்ன தேவை என்று கேட்கட்டும். பெரும்பாலும் டயபர் என்பார்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் துணை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 2024-ல் மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். ஆனால் ஓ.பி. சீட்டு வாங்கி உடன் உட்கார ஓர் ஆள் வேண்டுமே. அப்படியே மாதம் ஒரு மதியம் உங்கள் மாமியார் பக்கத்திலும் யாராவது வந்து உட்காரலாம். தயங்காமல் கேளுங்கள்.

செய்வார்கள். 2004-ல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் பிரியாணி செய்த அதே அண்டாவில் எங்கள் தெருப் பெண்கள் பட்டினப்பாக்கத்து மக்களுக்குச் சோறு வடித்தார்கள். பண்டிகைதான் முடிந்துவிட்டதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்த டிசம்பரில் பாட்டி அதே கேள்வியைக் கேட்டால், ஜனவரியில் எந்த ஞாயிறு என்று தேதி சொல்லிவிட்டு வாருங்கள். நகவெட்டி பெரியதாக வாங்குங்கள், சின்னது கால் நகத்துக்குப் பத்தாது.