பிறந்த ஊரா, பந்து பழகிய ஊரா?

அன்புள்ள ஐயா,

2024 ஏப்ரலில் அத்லெட்டிக் பில்பாவோ என்ற கால்பந்து அணி ஸ்பெயினின் அரசர் கோப்பையை வென்றபோது நீங்கள் எழுதிய சிறு குறிப்பை இப்போதுதான் படித்தேன். ஸ்பெயினின் வடக்கிலும் அதை ஒட்டிய பிரான்சிலும் உள்ள பாஸ்க் நாட்டுக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு நூறு வருடத்துக்கும் மேலாக ஆடிவரும் அணி என்று நெகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வெளியூர்க்காரனைச் சேர்க்க மாட்டோம் என்பது மண்ணின் மைந்தர் வாதம்தானே? வேறு யாராவது சொன்னால் இனவெறி என்போம், கால்பந்து கிளப் சொன்னால் மட்டும் மரபா? இன்னொன்றும் கேட்க வேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் ஆள் எடுக்கிற மாட்ரிட், பார்சிலோனாவோடு ஒரு சின்னப் பிரதேசத்துப் பையன்களை வைத்துக்கொண்டு மோதுவது வீண் பிடிவாதம் இல்லையா? கோபத்தில் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான்.

வி., கோயம்புத்தூர்

அன்புள்ள வி.,

அந்த அணியை நேசிக்கிற எவரும் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. உங்கள் கட்சிக்கு வலுச்சேர்க்கிற ஒரு கதையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மிகெல் ஜோன்ஸ் என்று ஒருவர். ஆப்பிரிக்கக் கரையோரம் அன்று ஸ்பெயினின் காலனியாக இருந்த ஃபெர்னாண்டோ போ தீவில் 1938இல் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பில்பாவோவுக்கு வந்துவிட்டது. வளர்ந்தது, பந்து பழகியது எல்லாம் அங்கேதான். 1950களில் அத்லெட்டிக் அவரை ஒரு நட்புப் போட்டியில் இறக்கிப் பார்த்தது. அவ்வளவுதான். அணியில் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே பிறந்தவர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நிறம்தான் உண்மைக் காரணமோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஜோன்ஸ் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போனார். 1962இல் கோப்பை வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப்போட்டியில் அந்த அணிக்காக கோல் அடித்தார். தான் வளர்ந்த ஊரின் சட்டையை மட்டும் அவர் ஒருநாளும் முறையாகப் போடவில்லை. இதை யாரும் நியாயப்படுத்த முடியாது. நானும் முயல மாட்டேன்.

ஆனால் அந்த விதி அங்கேயே நின்றுவிடவில்லை. இன்றைய விதி இது: பாஸ்க் நிலத்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே உள்ள ஏதாவது ஒரு கிளப்பில் ஆட்டம் பழகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். பாஸ்க் நிலம் என்றால் ஸ்பெயின் பக்கம் பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா, நவாரா. பிரான்ஸ் பக்கம் மூன்று பகுதிகள். ஆக ஏழு. அப்பா பெயர் என்ன, தாத்தா எந்த ஊர் என்று கேட்பதில்லை. பாஸ்க் நிலத்துக்கு வெளியே, பிரான்சில் ஆஜான் என்ற ஊரில் பிறந்த எமெரிக் லபோர்ட் அத்லெட்டிக்குக்கு ஆடியது இப்படித்தான். இந்த விதி கிளப்பின் சட்டப் புத்தகத்தில் கிடையாது என்பதையும் கவனியுங்கள். எழுதாமலேயே நிற்கிறது.

ரத்தம் பேசிய ஆட்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள், மறுக்கவில்லை. 1895இல் பாஸ்க் தேசியக் கட்சியைத் தொடங்கிய சபினோ அரானா, இனத்தையும் குடும்பப் பெயரையும் வைத்தே யார் பாஸ்க் என்று அளந்தார். சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் பிழைக்க வந்த மற்ற ஸ்பானியர்களை அந்த அரசியல் இழிவாகப் பேசியது. அதே பில்பாவோவில் 1898இல் பிறந்த இந்தக் கிளப்போ, கப்பல் பட்டறைகளில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களிடமிருந்தும் இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர்ப் பையன்களிடமிருந்தும் உருவானது. பெயரே ஆங்கிலம். இன்று பாஸ்க் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகள் சௌதாம்ப்டனில் வாங்கி வந்த சட்டையில் இருந்தவை. 1930இலும் 31இலும் லீகையும் கோப்பையையும் சேர்த்து வென்று தந்த பயிற்சியாளர் ஃபிரெட் பென்ட்லண்ட் ஓர் ஆங்கிலேயர். பயிற்சியாளர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம், கட்டுப்பாடு ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். அதுவும் முதல் நாளிலிருந்து வந்ததல்ல. 1911 கோப்பையில் ஆங்கிலேயர்களை இறக்கியதால் பெரிய தகராறு வந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் போதும் என்ற வழக்கம் ஊன்றியது.

பாஸ்க் மொழியில் பாஸ்க்காரரைக் குறிக்கும் சொல் ‘எவுஸ்கல்துன்’. அதன் நேர்ப்பொருள், அந்த மொழியை உடையவர். அவர்கள் நாட்டின் பெயர் ‘எவுஸ்கல் எர்ரியா’, அதாவது அந்த மொழியின் நாடு. மொழியின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்டவர்கள் அவர்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மொழியையும் கொடியையும் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி ஒடுக்கியபோது கிளப்பின் பெயரும் தப்பவில்லை. ஆங்கிலப் பெயர் ஆகாது என்று 1941இல் அத்லெட்டிகோ ஆக்கினார்கள். பழைய பெயர் திரும்ப முப்பது வருடம் ஆயிற்று. நான் பலமுறை எடுத்துப் பார்க்கிற ஒரு புகைப்படம் உண்டு. 1976 டிசம்பர் 5. இன்னொரு பாஸ்க் ஊரான சான் செபஸ்தியானின் அதோச்சா மைதானம். அந்த ஊர் அணியான ரியால் சொசியதாதும் அத்லெட்டிக்கும் மோதும் நாள். ஃபிராங்கோ செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆனால் பாஸ்க் கொடிக்கு இன்னும் தடை. சொசியதாத் ஆட்டக்காரர் ஒருவரின் சகோதரி வீட்டிலேயே அந்தக் கொடியைத் தைத்துக் கொடுத்தார். போலீஸ் கண்ணில் படாமல் அதை மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டு அணிகளும் வரிசையாக வெளியே வர, முன்னால் இரண்டு கேப்டன்கள், சொசியதாதின் கொர்த்தபார்ரியாவும் அத்லெட்டிக்கின் கோல்கீப்பர் இரிபாரும், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அடுத்த மாதம் கொடி மீதான தடை நீங்கியது. அன்றைய ஆட்டத்தில் அத்லெட்டிக் 5–0 என்று தோற்றது. அந்தத் தோல்வி யார் நினைவிலும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, வீண் பிடிவாதமா என்பது. 1929இல் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூடக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காத அணிகள் மூன்றுதான். ரியால் மாட்ரிட், பார்சிலோனா, மூன்றாவது இவர்கள். லீகை எட்டு முறை வென்றிருக்கிறார்கள். ஆனால் எட்டாவது முறை 1984இல். ஆகவே விலை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007இல் கடைசி நாள் ஆட்டத்தில் ஜெயித்துத்தான் தப்பினார்கள். இதே விதியோடு 1981, 82இல் லீகை வென்ற ரியால் சொசியதாத், 1989இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கி அதைக் கைவிட்டது. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் பையன்களை வளர்ப்பதை அவர்கள் இன்றும் விடவில்லை.

வெளியே வாங்க முடியாது என்றால் வீட்டில் இருப்பவனை உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். பில்பாவோவுக்குப் பக்கத்தில் லெஸாமா என்ற இடத்தில் 1971இல் பயிற்சிக்கூடம் திறந்தார்கள். பிஸ்காயாவின் சின்னச் சின்னக் கிளப்புகளோடெல்லாம் ஒப்பந்தம் இருக்கிறது. வேறு அணியில், முதல் அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு முழங்கால் போனால் மறுநாளே ஏஜென்டுக்கு போன் போகும். இங்கே லெஸாமாவில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பையனைக் கூப்பிடுகிறார்கள். அவன் இரண்டு கோல் விட்டாலும் மறுவாரமும் அவன்தான், வேறு ஆள் இல்லை. அந்தப் பொறுமைதான் எனக்கு இந்த அணியில் மிகவும் பிடித்தது. தெரிந்தே செய்கிற நற்செயல் என்றுகூட அதைச் சொல்ல வேண்டாம். அந்த விதி அவர்களைப் பொறுமையாக இருக்க வைத்துவிடுகிறது.

இதிலும் ஒரு மனக்குறை உண்டு, அது அக்கம்பக்கத்து அணிகளுக்கு. தாங்களே வளர்த்தது போதாதபோது அத்லெட்டிக் கை நீட்டுவது அவர்கள் தோட்டத்தில்தான். 1995இல் ஹொசேபா எச்செபெர்ரியாவைப் பதினேழு வயதில் சொசியதாதிடமிருந்து எடுத்துக்கொண்டபோது இரண்டு கிளப்புகளுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. நவாராவின் ஒசசூனா அணி ரசிகர்களைக் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்கள். அவர்கள் கோபம் சரியானது.

மறுபடி மிகெல் ஜோன்ஸிடம் வருகிறேன். கானாவிலிருந்து கிளம்பிய ஒரு கணவனும் மனைவியும் சஹாராவை நடந்து கடந்தார்கள். சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து கணவரின் உள்ளங்கால் வெந்துபோனது. ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமுள்ள மெலில்லாவில் வேலி தாண்டிப் பிடிபட்டார்கள். பிறகு பில்பாவோவில் ஒரு பாதிரியார் உதவினார். 1994இல் அங்கே பிறந்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: இஞ்ஞாக்கி. அந்தக் குழந்தைக்கு முதல் அத்லெட்டிக் சட்டையைக் கொடுத்ததும் அந்தப் பாதிரியார்தான். பெற்றோர் பாலைவனத்தை எப்படிக் கடந்தார்கள் என்பது முழுதாகத் தெரியவந்தபோது மகன் பெரியவனாகி அணியில் ஆடிக்கொண்டிருந்தான். இஞ்ஞாக்கி வில்லியம்ஸ் ஸ்பானிய லீகில் தொடர்ந்து 251 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். உலகக் கோப்பையில் கானாவுக்கு ஆடினார். தம்பி நிக்கோ, 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில் ஸ்பெயினுக்காக கோல் அடித்தார். ஜோன்ஸுக்கு மூடிய கதவு இவர்களுக்குத் திறந்தது. அறுபது வருடம் பிடித்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2024 ஏப்ரல் 6ஆம் தேதி இறுதிப்போட்டி, செவில்லில், மல்லோர்க்காவோடு. நமக்கு நள்ளிரவு தாண்டி ஆரம்பித்து விடியும் வேளையில் முடிந்தது. தூங்கும் வீட்டை எழுப்பாமல் இருக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். முதல் கோல் மல்லோர்க்காவுடையது. இடைவேளைக்குப் பிறகு நிக்கோ கொடுத்த பந்தை சான்செத் உள்ளே தள்ளினார். அப்புறம் பெனால்டி. கடைசிப் பெனால்டியை பெரெங்கர் அடித்ததும், அதற்கு முன் வரிசையாக இறுதிப்போட்டிகளில் தோற்றுத் தோற்று வந்த கூட்டம் அழுதது.

ஐந்து நாள் கழித்து நெர்வியோன் ஆற்றில் காபர்ரா போனது. காபர்ரா என்பது சரக்கு ஏற்றும் தட்டைப் படகு. பெரிய கோப்பை வந்தால் அணியை அதில் ஏற்றி ஆற்றோடு ஊருக்குள் கூட்டிவருவது வழக்கம். அதற்கு முன் அது அப்படிப் போனது 1984இல். அன்று படகில் நின்ற ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. இரு கரையிலும் நின்றவர்களில் பலருக்கு அந்த 1984 நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் படகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்.