அடிமை என்ற சொல்லும் ஸ்லாவியரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் ஸ்லேவ், பிரெஞ்சில் எஸ்க்லாவ், ஜெர்மனில் ஸ்க்லாவ, ஸ்பானியத்தில் எஸ்க்லாவோ என்று அடிமையைக் குறிக்கும் சொல் பல ஐரோப்பிய மொழிகளில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ரஷ்யர், போலந்துக்காரர், செர்பியர் முதலியோர் அடங்கிய ஸ்லாவ் இனத்தாரின் பெயருக்கே ‘அடிமை’ என்பதுதான் பொருள் என்கிறார் என் நண்பர். அது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியல்ல, நடந்தது அதற்கு நேர்மாறானது. ஸ்லாவியர் தங்களை ‘ஸ்லொவேனெ’ என்று அழைத்துக்கொண்டார்கள். ‘ஸ்லொவோ’ என்றால் சொல். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிற மக்கள் என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். பேச்சுப் புரியாத ஜெர்மானியரை அவர்கள் ‘ஊமையர்’ என்று பொருள்படும் பெயரால் குறித்தது இதற்கு வலுச்சேர்க்கிறது. ஓர் இடத்தின் அல்லது ஆற்றின் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எதுவானாலும் அதில் அடிமைத்தனத்தின் சாயல் இல்லை. அடிமைக்கு அவர்களிடம் ‘ரப்’ என்ற வேறு சொல் இருந்தது.

6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியக் கிரேக்கர் (கிழக்கு ரோமப் பேரரசின் கிரேக்கர்) இப்பெயரை எழுதியபோது, சொல்லின் முதலில் ‘ஸ்ல’ என்று ஒலிப்பது அவர்கள் நாவுக்குப் பழக்கமில்லாததால் நடுவே ஒரு ககரம் புகுந்தது. அது லத்தீனில் ‘ஸ்க்லாவுஸ்’ ஆயிற்று. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானிய அரசர்கள் கிழக்கே நடத்திய போர்களில் பிடிபட்ட ஸ்லாவியர் பெருந்தொகையாக விற்கப்பட்டனர். கிறிஸ்தவர்களை விற்பதைத் திருச்சபை கண்டித்தது. ஸ்லாவியரில் பலர் அப்போது ஞானஸ்நானம் பெறாதவர்கள் என்பதால் அவர்களைக் காக்க அந்தக் கண்டனமும் உதவவில்லை. இன்றைய பிரான்சிலுள்ள வெர்டன் நகர வணிகர்கள் சிறுவர்களை விதையறுத்து ஸ்பெயினுக்கு அனுப்பிப் பெரும் லாபம் ஈட்டியதை அந்த 10ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய ஆயரும் வரலாற்றாசிரியருமான கிரெமோனாவின் லியுட்பிராண்ட் எழுதியிருக்கிறார். ஸ்பெயினின் அரபு ஆட்சியாளர்களிடம் பணிபுரிந்த இத்தகையோருக்கு ‘சகாலிபா’ என்று பெயர். அதுவும் இதே இனப்பெயரின் அரபு வடிவம்தான்.

அடிமைக்கு லத்தீனில் ‘செர்வுஸ்’ என்ற பழைய சொல் இருந்தது. ஆனால் அது காலப்போக்கில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவனைக் குறிக்கத் தொடங்கிவிட்டதால், சந்தையில் விலைபேசப்பட்ட மனிதனுக்கு அவன் இனத்தின் பெயரே வைக்கப்பட்டது. ஒரு மக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அவர்களிடமிருந்தே இப்படிப் பறிபோனது எனக்கு மிகவும் வேதனை தருகிறது.

பின்னர் ஜெனோவா, வெனிஸ் வணிகர்கள் கருங்கடற்கரையின் காஃபா துறைமுகத்தில் வாங்கிய தாத்தாரியரையும் சர்க்காசியரையும், அதன்பின் ஆப்பிரிக்கரையும் இதே சொல்லால் குறித்தார்கள். அதற்குள் அது ஓர் இனத்தின் பெயர் என்பது பேசுவோர் நினைவில் இல்லை. வெனிஸ்காரர்கள் இச்சொல்லின் தங்கள் வடிவத்தால் ‘உங்கள் அடிமை’ என்று பணிவோடு சொன்ன வணக்கமே இன்றைய இத்தாலியரின் ‘சாவ்’ (ciao).

அன்புடன்,
ஆசிரியர்