இலைக்கு அடியில் பாதை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

போன சனிக்கிழமை நண்பர்கள் மூன்று பேர் இலையுதிர்கால நிறங்களைப் பார்க்க மலையேறினோம். போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். மூன்று வாரத்துக்கு முன் போய்வந்த ஒருவர், மதியம் கிளம்பினாலே வெளிச்சத்தில் இறங்கிவிடலாம் என்றார். 12.30க்குக் கிளம்பினோம். 4 மணிக்கு உச்சி, 4.30க்கு இறக்கம். 6 மணிக்குச் சூரியன் மறைந்துவிட்டது, கீழே வந்து சேர்ந்தபோது 7 மணி. இருட்டில் இரண்டு இடத்தில் பாதையே காணவில்லை. ஏறும்போது அவ்வளவு தெளிவாக இருந்த பாதை எங்கே போனது? இந்தப் பருவத்தில் மலைக்குப் போனதே தப்போ?

பி.கு.: மூன்று நாளாகப் படியில் இறங்க முடியவில்லை. ஏற முடிகிறது!

ர.

அன்புள்ள ர.,

பாதை எங்கேயும் போகவில்லை, இலைக்கு அடியில் இருக்கிறது. சுற்றிலும் சருகு கிடக்க நடுவில் மண் தெரிவதை வைத்துத்தான் காட்டில் பாதையைக் கண்டுகொள்கிறோம். இலை கொட்டும் நாட்களில் அந்த வித்தியாசம் அழிந்துவிடும். இன்னொன்று, ஏறும்போது பக்கத்திலிருந்து வந்து சேரும் தடத்தை யாரும் கவனிப்பதில்லை. இறங்கும்போது அதே இடம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதனால் ஏறும்போதே அவ்வப்போது நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான்.

ஆனால் உங்கள் சிக்கல் 12.30க்கே தொடங்கிவிட்டது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். அதன்படி உங்கள் நடைக்குச் சுமார் நாலேகால் மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குள் வீடு திரும்பலாம் போலத் தோன்றும். ஆனால் அதில் ஓய்வு கிடையாது, படம் எடுக்க நிற்பது கிடையாது, இறக்கத்துக்குத் தனியாக நேரமும் கிடையாது. நனைந்த சருகு சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும், அடியில் வேர் இருக்கிறதா கல் இருக்கிறதா என்றும் தெரியாது. ஒவ்வொரு அடியையும் சோதித்துத்தான் வைக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

உங்கள் நண்பரும் பொய் சொல்லவில்லை. 45 பாகை அட்சரேகையை ஒட்டிய இடங்களில் இந்தப் பருவத்தில் பகல் தினமும் ஏறக்குறைய மூன்று நிமிடம் குறைகிறது. மூன்று வாரத்தில் ஒரு மணி நேரம், அதில் ஏறக்குறைய பாதி மாலையிலிருந்து கழியும். போதாததற்கு, மேற்கே முகடு இருந்தால் சூரியன் அதன் பின்னால் முன்னதாகவே ஒளிந்துகொள்ளும். பகல் சுருங்குவதை உணர்ந்துதான் மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகிறது, அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. நீங்கள் நின்று நின்று படமெடுத்த நிறமே 'பொழுது குறைகிறது' என்ற அறிவிப்புதான். மரம் கணக்கு வைத்திருந்தது, நீங்கள் வைக்கவில்லை!

நானும் யோக்கியன் இல்லை. ஒருமுறை கைபேசி விளக்கை நம்பிப் போனேன். முப்பது சதவீதம் காட்டிய பேட்டரி குளிரில் சட்டென்று செத்துப்போனது. அதற்கப்புறம் பகல் நடைக்கும் தலைவிளக்கு இல்லாமல் கிளம்புவதில்லை. உச்சிக்கென்று ஒரு மேலுடையும் வேண்டும். 900 மீட்டர் ஏறினால் ஐந்தாறு டிகிரி குறையும், வியர்த்து நனைந்த பருத்திச் சட்டை குளிருக்கு உதவாது.

தப்பில்லை, போங்கள். இதே பாதை, இதே 6 மணி அஸ்தமனம் என்றால் காலை 9 மணிக்குள் ஏறத் தொடங்கி, மதியம் இரண்டரைக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். உச்சி பத்து நிமிடத்தில் இருந்தாலும் சரி.

கால்வலி இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஏறுவதைவிட அதுதான் தசையை அதிகம் புண்ணாக்கும். படி இறங்கும்போதும் அதே வேலைதான், அதனால்தான் அங்கே மட்டும் கத்துகிறது. இன்னும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சில வாரத்துக்குள் மறுபடி போனால் இவ்வளவு வலிக்காது.